கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால்: நீர்மட்டத்தை நீங்களே அளந்து பதிவு செய்யும் வழி

எங்கள் தோட்டம் நொய்யல் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. தோட்டத்துக்கு மேற்கே ஏறக்குறைய அறுநூறு மீட்டர் தள்ளி ஓர் ஆலையின் கழிவுநீர்க் குட்டைகள். இரண்டு கோடையாகத் தொடர்ந்து கிணறு இறங்கியது, தென்னை ஓலையின் நுனி கருகியது, மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. மனு எழுதிக்கொண்டு அலுவலகம் போனேன். அங்கிருந்த பொறியாளர் முழுதாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "போன வருஷம் இதே மாசம் எத்தனை மீட்டர்ல தண்ணி இருந்துச்சு? எழுதி வெச்சிருக்கீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. "ரொம்ப இறங்கிப்போச்சுங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியவில்லை. மனுவை வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.

அதற்குப் பிறகு பதினாறு மாதம் தவறாமல் அளந்து எழுதினேன். முதல் நான்கு மாத எண்களைத் தப்பாக அளந்ததால் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உங்களுக்கு அந்த நான்கு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயத் தண்ணீரை மனதில் வைத்து எழுதினாலும், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். நீர்மட்டத்தை மட்டும் அளந்தால் வறட்சி என்று சொல்லிவிடுவார்கள். உப்பை மட்டும் காட்டினால் அந்தப் பக்கத்துப் பாறையே உப்பு என்பார்கள். மட்டம், உப்பு இரண்டையும் ஒரே கிணற்றில், ஒரே நாளில், ஒரு வருஷம் முழுக்க எழுத வேண்டும். குட்டையிலிருந்து எட்ட இருக்கும் இன்னொரு கிணற்றிலும் அதே நாளில் எழுத வேண்டும். இந்த ஜோடிக் கணக்குதான் பேசும்.

செலவு: எனக்கு முதல் வருஷம் ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆனது. அதில் 8,800 ஆய்வகக் கட்டணம். மீதி டேப், ஒயர், உப்பளக்கும் பேனா, ஜெராக்ஸ். மூன்று நான்கு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து செய்தால் ஆளுக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும்.

1. முதலில் வீட்டு அலமாரியைத் திறங்கள்

இன்று தொடங்கினால் இன்றைய மட்டம்தான் கிடைக்கும். பழைய மட்டம் வேண்டுமானால் அது உங்கள் வீட்டுக் காகிதங்களில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னது பக்கத்துத் தோட்டத்து மாமா. "மோட்டார் எறக்குன பில்லெல்லாம் எங்க போட்டே? அதுல அடி எழுதியிருப்பானே" என்றார்.

அவர் சொன்னது சரி. போர் போட்ட ரிக் வண்டிக்காரர் கொடுத்த பில்லில் தேதியும் மொத்த ஆழமும் கேசிங் (மண் சரியாமல் இருக்கப் போரின் மேல்பகுதியில் இறக்கும் பைப்) எத்தனை அடி என்பதும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு முறை மோட்டாரைக் கீழே இறக்கும்போதும் கூடுதலாக எத்தனை பைப் வாங்கினீர்கள் என்பது கடைப் பில்லில் இருக்கும். என் பில்களை அடுக்கிப் பார்த்தபோது ஏழு வருஷத்தில் மூன்று முறை, மொத்தம் 110 அடி இறக்கியிருந்தோம். இது நேரடி நீர்மட்ட அளவு ஆகாது. ஆனாலும் தேதியோடு இருக்கும் மூன்றாம் ஆள் சான்று.

எடுத்து வைக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அடங்கல் நகல், புலப்பட (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) நகல், குறைந்தது இரண்டு (ஒன்றில் கோடு போட வேண்டியிருக்கும்), ரிக் பில், மோட்டார், பைப், காயில் கட்டிய பில்கள், மின் இணைப்பு எண். பட்டாவும் புலப்படமும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். பில் மங்கிப்போயிருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். வெப்பக் காகிதத்தில் அடித்த பில் இரண்டு வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

2. கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது நான்கு வேண்டும். குட்டைக்கு மிக அருகில் ஒன்று, உங்களுடையது, குட்டைக்கு வேறு திசையில் ஒன்று, எட்ட ஒன்று. இந்த எட்டக் கிணறுதான் ஒப்பிடுவதற்கு. அது குட்டையை விட மேட்டில், இரண்டு கிலோமீட்டராவது தள்ளி, உங்கள் கிணறு போலவே ஆழமும் பாசன முறையும் உள்ளதாக இருக்கட்டும்.

முதல் பொறி இங்கேதான். நான் ஆரம்பத்தில் எட்டக் கிணறாக எடுத்தது கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துக்குள் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் அது மளமளவென்று ஏறியது. எங்கள் கிணறு வாய்க்காலுக்கு வெளியே. இரண்டையும் ஒப்பிட்டது அர்த்தமே இல்லாமல் போனது. வாய்க்கால், குளம், தடுப்பணை இவற்றுக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

திறந்த கிணற்றையும் போரையும் கலக்காதீர்கள். கொங்குப் பகுதியில் மேலே மக்கிய பாறை, கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. கிணற்றில் இருப்பது மேல்தட்டுத் தண்ணீர், ஆழமான போரில் வருவது வெடிப்புத் தண்ணீர். இரண்டின் மட்டமும் வேறு, உப்பும் வேறு. கிணறுகளுக்கு ஒரு பட்டியல், போர்களுக்குத் தனிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கிணறு என்றால், "இந்தக் கிணற்றில் மாதம் இருமுறை அளக்கவும் தண்ணீர் மாதிரி எடுக்கவும் சம்மதம்" என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரராகவே இருந்தாலும் வாங்குங்கள். ஆலை வளாகத்துக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள். அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பேச்சு அத்துமீறல் பக்கம் திரும்பிவிடும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: பாழ் கிணற்றுக்குள் இறங்கி அளக்காதீர்கள், குட்டைச் சேற்றின் பக்கம் போகாதீர்கள். இரண்டிலும் விஷவாயு தேங்கும், ஆள் இறங்கிய சில நிமிடத்தில் மயக்கம் வந்துவிடும். அளப்பதெல்லாம் மேலே நின்றபடிதான்.

3. அளவுப் புள்ளியைக் குறியுங்கள்

கிணற்றுச் சுவரின் மேல் ஒரே இடத்தில் உளியால் ஒரு வெட்டு, அதன்மேல் சிவப்புப் பெயின்ட். போர் என்றால் கேசிங் பைப்பின் மேல்விளிம்பில் ஒரு குறி. எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். தரையிலிருந்து அந்தக் குறி எத்தனை உயரம் என்பதையும் ஒருமுறை அளந்து எழுதுங்கள். அரசின் எண்கள் எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே இத்தனை மீட்டர் என்றுதான் இருக்கும். ஆகவே நம் அளவிலிருந்து சுவர் உயரத்தைக் கழித்துத்தான் அவற்றோடு ஒப்பிட முடியும்.

என் முதல் நான்கு மாதம் போனது இதனால்தான். நான் ஒரு பக்கம் நின்று அளந்தேன், என் தம்பி மறுபக்கம் நின்று அளந்தான். சுவர் ஒரு பக்கம் முக்கால் அடி கூடுதல் உயரம். நீர்மட்டம் ஏறி இறங்கியது என்று நான் எழுதியதெல்லாம் நாங்கள் நின்ற இடம் மாறியதுதான்.

பேசும்போது அடியில் பேசலாம், எழுதும்போது மீட்டரில் எழுதுங்கள். 1 மீட்டர் 3.28 அடி. ஒரே நோட்டில் இரண்டும் கலந்தால் எந்த அதிகாரியும் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

4. கருவி

திறந்த கிணற்றுக்கு 30 மீட்டர் இரும்பு டேப் போதும். நுனியில் ஒரு சிறு எடையைக் கட்டுங்கள். கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் பூசி இறக்குங்கள். தண்ணீரில் முங்கிய பாகம் நிறம் மாறியிருக்கும். குறியில் படித்த எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்ட ஆழம். துணி டேப் வேண்டாம், நனைந்தால் நீளும். எனக்கு டேப் 450 ரூபாய் ஆனது.

போருக்கு மின்சார மட்டமானி கடையில் கிடைக்கிறது, விலை பல ஆயிரம். நான் உள்ளூர் எலெக்ட்ரீசியனை வைத்துச் செய்தது இது: 100 மீட்டர் இரட்டை ஒயர், நுனியில் இரண்டு கம்பியும் தொடாமல் வெளியே தெரியும்படி ஓர் எடை, மேலே 9 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும். நுனி தண்ணீரைத் தொட்டதும் சத்தம் வரும். மொத்தம் 1,300 ரூபாய். ஒவ்வொரு மீட்டருக்கும் டேப்பை வைத்து அளந்து ஒயரில் குறி போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள், ஒயரும் நீளும்.

போரில் இரண்டு சிக்கல். ஒன்று, பக்கவாட்டு ஊற்றிலிருந்து சொட்டும் தண்ணீர் நுனியில் பட்டு முன்பே சத்தம் வரும். அப்படி வந்தால் இன்னும் ஒரு மீட்டர் இறக்கிப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அது சொட்டு, தொடர்ந்து வந்தால் மட்டம். இரண்டாவது, மோட்டார் கேபிளில் ஒயர் சிக்கிக்கொள்ளும். இதற்கு ஒரே தீர்வு, அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது முக்கால் இஞ்சு பிவிசி பைப் ஒன்றைக் கூடவே இறக்கி நிறுத்திவிடுவது. பைப்பின் அடிப்பகுதியில் துளைகள் இருக்கட்டும். அதற்குள் ஒயரை விட்டால் சிக்கவும் சிக்காது, சொட்டும் படாது.

5. நாளும் நேரமும்

மாதம் இருமுறை, 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். விடியற்காலை, த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் ஓடத் தொடங்கும் முன். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து உங்கள் மோட்டார் நின்றிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் நின்றிருந்தால் நல்லது; ஓடியிருந்தால் "பக்கத்து மோட்டார் ஓடியது" என்று எழுதிவிடுங்கள். ஓடும்போது அளக்கும் மட்டம் மோட்டாரின் இழுவையைத்தான் காட்டும்.

நான்கு கிணற்றையும் ஒரே காலையில் முடித்துவிடுங்கள். இரண்டு பேர் பைக்கில் போனால் ஒன்றரை மணி நேரம். ஒவ்வோர் இடத்திலும் இருமுறை அளந்து, இரண்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறை.

நோட்டு தைத்த நோட்டாக, பக்க எண் போட்டதாக இருக்கட்டும். பேனாவால் எழுதுங்கள். தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். தேதி, நேரம், கிணற்று எண், படித்த அளவு, சுவர் உயரம் கழித்த அளவு, உப்பு, மழை, வாய்க்கால் தண்ணீர் வந்ததா, அளந்தவர் கையெழுத்து. குட்டையில் அன்று ஏதாவது மாற்றம் கண்ணில் பட்டால் (நிரம்பியிருந்தது, காலியாக இருந்தது, புதுத் தார்ப்பாய் விரித்தார்கள்) அதையும். இடமும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா செயலியில் டேப்பின் அளவு தெரியும்படி ஒரு படம் எடுங்கள். போன் தொலைந்தால் படமும் போய்விடும், வேறொருவருக்கும் அன்றன்றே அனுப்பி வையுங்கள்.

மழைக்குத் தனி மழைமானி இல்லாவிட்டால், நேராக நிற்கும் ஒரே அகல டப்பாவும் ஸ்கேலும் போதும். எங்கள் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். அதனால் பன்னிரண்டு மாதம் முழுசாக இல்லாத நோட்டுக்கு மதிப்புக் குறைவு. கோடையில் தொடங்கி மழைக்காலத்தில் நிறுத்தினால் ஏறுமுகமாகத்தான் காட்டும்.

6. உப்பை அதே நாளில் பாருங்கள்

கடையில் 300 ரூபாய் முதல் கிடைக்கும் டிடிஎஸ் பேனா உண்மையில் உப்பை எடைபோடுவதில்லை. தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் சில பேனாவில் 0.5, சிலவற்றில் 0.7. அதனால் ஒரே தண்ணீரை என் பேனா 1,500 என்றும் நண்பர் பேனா 2,100 என்றும் காட்டியது. நாங்கள் ஒரு மாதம் குழம்பினோம்.

மின்கடத்துத் திறனையே நேராகக் காட்டும் பேனா வாங்குங்கள், பெரும்பாலும் அதில் ஈசி என்று போட்டிருக்கும். எனக்கு 2,600 ரூபாய் ஆனது. கூடவே 1,413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துத் திறனின் அலகு) என்று அச்சிட்ட சோதனைக் கரைசல் ஒரு பாட்டில், 400 ரூபாய். மாதம் ஒருமுறை அதில் முக்கிப் பேனா சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பார்த்ததையும் எழுதுங்கள். "உங்க பேனா சரியான்னு எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள்.

தண்ணீரை எடுக்கும் முறை மாறவே கூடாது. திறந்த கிணற்றில் கனமான உப்புத் தண்ணீர் அடியில் தங்கும், மழை பெய்தால் நல்ல தண்ணீர் மேலே நிற்கும். வாளியில் மேலாக மொண்டால் ஓர் எண், மோட்டாரில் அடியிலிருந்து வந்தால் வேறோர் எண். நான் மட்டம் அளந்து முடித்ததும் மோட்டாரைப் போட்டு, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயில் பிடிக்கிறேன். பைப்பில் தேங்கிய தண்ணீர் போய், பாறையிலிருந்து வருவது கிடைக்கும்.

பாசனத்துக்கு எது எந்த அளவு என்று தெரிந்தால்தான் எண்ணுக்குப் பொருள் வரும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மின்கடத்துத் திறன் 1,500 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே குறைந்த உப்பு, 3,000 வரை நடுத்தரம், 3,000 முதல் 6,000 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். குடிப்பதற்கு வேறு கணக்கு: மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி.

7. தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது?

"நாங்க பள்ளத்துல இருக்கோம், எங்க தண்ணி மேட்டுல இருக்கிற உங்க தோட்டத்துக்கு எப்படி வரும்?" என்று ஆலைத் தரப்பில் கேட்டார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் நிலத்தடி நீருக்கு மேல்நிலத்தின் சரிவு முக்கியமில்லை, நீர்மட்டத்தின் சரிவுதான் முக்கியம்.

இதைக் கண்டுபிடிக்க, எல்லாக் கிணற்றின் அளவுப் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று எத்தனை உயரம் தாழ்வு என்று தெரிய வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து வேலியோரமாக இருபது இருபது மீட்டராக நகர்த்தி நாங்கள் இரண்டு நாளில் முடித்தோம். பண வசதி இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அரை நாளில் முடிக்கலாம், வழக்குக்குப் போவதாக இருந்தால் அதுதான் நல்லது. கைப்பேசி காட்டும் கடல்மட்ட உயரத்தை நம்பாதீர்கள், பல மீட்டர் தப்பும்.

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் கிணற்றுக் குறியை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் அதற்குக் கீழே 14.20. அப்படியானால் நீரின் உயரம் 85.80. குட்டைப் பக்கத்துக் கிணற்றின் குறி 98.60, அதாவது உங்களை விட 1.40 மீட்டர் பள்ளம். அங்கே நீர்மட்டம் 11.90 கீழே. நீரின் உயரம் 86.70. நிலம் பள்ளமாக இருந்தாலும் அங்கே தண்ணீர் உங்களை விட 90 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. தண்ணீர் உங்கள் பக்கம்தான் வரும்.

மூன்று கிணறு இருந்தால் திசையையும் புலப்படத்தில் வரையலாம். அதிக உயரம் உள்ள கிணற்றையும் குறைந்த உயரம் உள்ளதையும் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டில் நடுக்கிணற்றின் உயரம் எந்த இடத்தில் வரும் என்று விகிதம் போட்டுக் குறியுங்கள். அந்த இடத்தையும் நடுக்கிணற்றையும் இணைத்தால் ஒரு சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த கிணற்றின் பக்கம் போடும் அம்புக்குறிதான் ஓட்டத் திசை. எங்கள் ஊர் பத்தாம் வகுப்புப் பையன் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தான். கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியே போவதால் இது தோராயத் திசைதான். பக்கத்துக் கிணறு நன்றாக இருக்க, அதைத் தாண்டி இருக்கும் போர் கெட்டுப்போவதும் உண்டு.

இந்தக் கணக்கில் மனதுக்குக் கஷ்டமான ஓர் உண்மையும் இருக்கிறது. கிணறு இறங்குகிறது என்று நாம் ஆழமாகப் போர் போட்டு இழுக்க இழுக்க, நம் பக்கத்துப் பள்ளம் இன்னும் ஆழமாகி, குட்டைப் பக்கத்து நீரை நாமே வேகமாக அழைக்கிறோம். புது போர் போடும் முன் இந்த அம்புக்குறியைப் பாருங்கள்.

8. எண்களைப் படிப்பது

ஆறு மாதம் ஆனதும் உங்கள் கிணற்றையும் எட்டக் கிணற்றையும் ஒரே வரைதாளில் போடுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி இறங்கி, உப்பு இரண்டிலும் அதிகம் மாறவில்லை என்றால் மழைக்குறைவும் ஊர் முழுக்க இழுப்பதும்தான் காரணம். அதை ஆலை மேல் போடாதீர்கள். கோடையில் இரண்டிலும் கொஞ்சம் உப்பு ஏறி, மழைக்குப் பின் இறங்குவதும் இயல்பே.

உங்களுடையது மட்டும் வேகமாக இறங்கி உப்பு மாறாவிட்டால், பக்கத்தில் யாரோ அதிகமாக இழுக்கிறார்கள். ஆலையின் போர்களைப் பற்றி 10-ஆவது படியில் கேளுங்கள். உங்களுடையது இறங்கி, உப்பும் உங்களுடையதில் மட்டும் மாதாமாதம் ஏறினால், கெட்ட நீர் இழுபட்டு வருகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

எல்லாரும் தவறவிடுவது இன்னொன்று. மழையும் இல்லை, வாய்க்காலும் இல்லை, ஆனால் மட்டம் ஏறுகிறது, கூடவே உப்பும் ஏறுகிறது. கிணறு ஏறியதே என்று சந்தோஷப்படுவோம். குட்டை கசிந்தால் அதன் அடியில் நிலத்தடி நீர் மேடு கட்டிப் பக்கத்துக் கிணறுகளில் இப்படித்தான் தெரியும். எங்கள் பகுதியில் குட்டைக்கு அருகில் இருந்த கிணறு ஒரு பிப்ரவரியில் 60 சென்டிமீட்டர் ஏறியது. எங்கள் நோட்டில் பொறியாளர் பேனாவால் வட்டமிட்டது இந்த வரியைத்தான்.

நொய்யல் பக்கம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "இது பழைய உப்பு." அதில் உண்மையும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முன் பல வருஷம் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீரின் உப்பு இன்னும் பாறைக்குள் இருக்கிறது. அதனால் 'உப்பு இவ்வளவு இருக்கிறது' என்று மட்டும் வாதாடாதீர்கள். எட்டக் கிணற்றோடு ஒப்பிட்டு, இந்தப் பன்னிரண்டு மாதத்தில் எவ்வளவு ஏறியது, எந்தத் திசையில் ஏறியது என்பதைக் காட்டுங்கள்.

9. ஆய்வகம்: வருஷத்துக்கு இருமுறை

மே மாதம் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. உங்கள் கிணறு, எட்டக் கிணறு இரண்டிலும். தேசிய அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு எனக்கு 2,200 ரூபாய் ஆனது, முடிவு வர பத்து நாள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் பொதுமக்கள் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஊராட்சியில் ஜல் ஜீவன் திட்டத்தில் கொடுத்த சோதனைப் பெட்டியும், அதற்குப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களும் இருப்பார்கள். குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட் எல்லாம் அதில் பார்க்கலாம். முதலில் அதைக் கேளுங்கள்.

'முழுப் பரிசோதனை' என்று மட்டும் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்: மின்கடத்துத் திறன், மொத்தக் கரைந்த உப்பு, கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், நைட்ரேட். சாயத் தொழிலில் உப்பும் சோடியம் சல்பேட்டும் அதிகம் பயன்படுவதால் சோடியம், குளோரைடு, சல்பேட் முக்கியம். தோல் ஆலையோ முலாம் பூசும் ஆலையோ பக்கத்தில் இருந்தால் குரோமியமும் சேருங்கள். குடிநீரில் அதன் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் அது உரமாகவோ தொழுவமாகவோ செப்டிக் டேங்காகவோ இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். குரோமியம் போன்ற உலோகத்துக்கு அமிலம் விட்ட தனிப் பாட்டில் தருவார்கள், அதை அலசிவிடக் கூடாது. மற்றதை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

ஒரு பொறி: நீங்கள் கொண்டுபோன மாதிரி என்றால் அறிக்கையில் "மாதிரியை வாடிக்கையாளர் கொடுத்தார்" என்று அச்சடித்துத் தருவார்கள். எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது அந்த வரியில்தான். ஆய்வக ஆளே வந்து எடுக்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இரண்டில் ஒரு முறையாவது அப்படிச் செய்யுங்கள்.

10. அரசுப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள்

மாநில நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவு கண்காணிப்புக் கிணறுகளில் மாதந்தோறும் அளக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருஷத்துக்கு நான்கு முறை அளக்கிறது. உங்கள் குறுவட்டத்தில் அப்படி ஒரு கிணறு இருந்தால் அதன் பத்து வருஷ எண்களை வாங்கி உங்கள் வரைபடத்தோடு சேருங்கள். நம் ஒரு வருஷ நோட்டுக்கு அது பெரிய பலம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். கேட்க வேண்டியவை: ஆலைக்கு வழங்கிய இசைவாணையும் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) அதன் நிபந்தனைகளும், குட்டைகளின் எண்ணிக்கை, கொள்ளளவு, கசியாமல் இருக்க அடியில் விரித்திருக்கும் தாளின் விவரம், ஆலையைச் சுற்றி உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் இடமும் கடந்த மூன்று வருஷ முடிவுகளும், ஆய்வு அறிக்கைகள். ஆலை எடுக்கும் நிலத்தடி நீருக்கான தடையில்லாச் சான்றை நீர்வளத் துறையிடம் தனி மனுவாகக் கேளுங்கள்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள், நான் அப்படி ஒரு மாதத்தை இழந்தேன். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்.

11. மனுவும் காலக்கெடுவும்

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பக்கத்தில் நான்கு கிணறுகளின் எண்கள், இரண்டாம் பக்கத்தில் கோரிக்கை. இணைப்பாக நோட்டின் நகல், வரைபடம், ஆய்வக முடிவு, புலப்படம். கோரிக்கை ஒன்றே ஒன்று: "மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் வந்து, குட்டையிலும் இந்த நான்கு கிணற்றிலும் மாதிரி எடுத்து முடிவைத் தர வேண்டும்." 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆலையில் அதிகாரிகள் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. ஆலை மேல் நடவடிக்கைக்கு அந்த முறைப்படி எடுத்த மாதிரிதான் உதவும். நாம் எடுத்த மாதிரி அவர்களை இங்கே வரவழைப்பதற்கு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் ஒன்று, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒன்று, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று சபை கூடும், எங்கள் நோட்டை அன்றுதான் சத்தமாக வாசித்தோம். தீர்மான நகலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் தேதி முக்கியம். பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்கும் மனுவுக்கு 5 வருஷம், அதே 60 நாள். கட்டணம் இழப்பீடு கேட்காவிட்டால் 1,000 ரூபாய், கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000. நமக்குத் தென் மண்டல அமர்வு சென்னையில். 'ஒரு வருஷம் அளந்து முடித்துவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். நோட்டில் முதல் மாற்றம் தெரிந்ததுமே ஒருவரைப் பார்த்து, எந்த நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

12. அதிகாரிகள் வரும் நாள்

முந்தைய நாள் சாயங்காலமே மோட்டாரை நிறுத்துங்கள். அவர்கள் வரும் முன் விடியற்காலையில் வழக்கம்போல நான்கு கிணற்றையும் அளந்து எழுதிவிடுங்கள். அவர்கள் அளக்கும்போது உங்கள் சிவப்புக் குறியைக் காட்டி, அங்கிருந்தே அளக்கச் சொல்லுங்கள். எட்டக் கிணற்றுக்கு "நேரமில்லை" என்பார்கள், வண்டி ஏற்பாடு செய்து தயாராக வைத்திருங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் பாதி வேலை போய்விடும். அசல் நோட்டைக் கையில் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மாதிரிப் பாட்டிலில் ஒட்டும் சீட்டை, ஒட்டும் முன்பே படித்துப் பாருங்கள்: தேதி, நேரம், சர்வே எண், கிணறா போரா. எங்கள் கிணற்றின் சர்வே எண்ணில் உட்பிரிவு மாறி எழுதப்பட்டு, முடிவு பக்கத்துத் தோட்டத்தின் பேரில் வந்தது. அதைத் திருத்தி வாங்க ஐந்து வாரம் ஆனது.